14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்: கொய்மலர்ப் பசுமைக்குடிலுக்கான ஒளி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி

ரோஜா, கார்னேஷன், செவ்வந்தி என்று தண்டோடு வெட்டி விற்கும் கொய்மலர்களுக்காக மூன்று பகுதிகளாகத் தடுத்த எங்கள் பசுமைக்குடிலில், மூன்றுக்கும் சேர்த்து ஒரே தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி 14 மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு மையப் பெட்டி, கூரைக்கு மேலே கம்பத்தில் காற்றின் வேகத்தையும் மழையையும் வெளி ஒளியையும் அளக்கும் உணரிகள், ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அளவீட்டுப் பெட்டி, கூரைச் சாளரங்களையும் திரைகளையும் மின்விசிறிகளையும் ஹீட்டரையும் விளக்குகளையும் இயக்கும் ரிலேக்கள் (கருவியின் கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகள்), கைப்பேசிச் செயலி ஆகியவை அடங்கிய தொகுப்பு இது. பெயர் சொல்லவில்லை, இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கருவி விற்கின்றன, நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவை எல்லாவற்றிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டியவை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுப்பகலில் இந்தக் கருவி செய்கிற வேலையை ஒரு சாதாரண தெர்மோஸ்டாட்டும் கவனமான ஓர் ஆளும் செய்துவிட முடியும். விடியலுக்கு முன்னும் பின்னுமான இரண்டிரண்டு மணி நேரத்திலும், பொழுது சாயும் வேளையிலும்தான் இது போட்ட பணத்தைத் திருப்பித் தருகிறது.

அளவீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். அது தவறான எண்ணைச் சொன்னால் மற்றதெல்லாம் அந்தத் தவறைத்தான் துல்லியமாகச் செய்து முடிக்கும். இந்தத் தொகுப்பில் வந்தது வெள்ளை நிறப் பெட்டி. உள்ளே சிறு விசிறி ஒன்று காற்றை இடைவிடாமல் இழுத்து உணரியின் மேல் செலுத்துகிறது. இது வெறும் அலங்காரம் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, நிழலும் விசிறியும் இல்லாத ஒரு வெப்பமானியை அதே கம்பியில் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். வெயில் நேராக விழுந்த ஒரு முற்பகலில் அது பெட்டியைவிட 4 டிகிரி கூடுதலாகக் காட்டியது. அந்த 4 டிகிரியை நம்பியிருந்தால் சாளரங்கள் தேவையில்லாமல் முழுக்கத் திறந்திருக்கும்.

பெட்டி நன்றாக இருந்தாலும், அதை மாட்டிய இடம் சரியில்லை. பொருத்த வந்தவர்கள் வயர் குறையும் என்பதற்காகத் தூணின் உச்சியில், கூரை வடிகாலுக்குச் சற்றுக் கீழே மாட்டிவிட்டுப் போனார்கள். செடி அங்கே இல்லை. அங்கே இருப்பது கூரைக்கடியில் தேங்கிய சூடான காற்று. ஒரு சிறு கப்பியும் சங்கிலியும் வாங்கி, பெட்டியைச் செடியின் வளர்நுனிக்கு ஒரு சாண் மேலே இறக்கினேன். செவ்வந்தி உயர உயர வாரந்தோறும் அதையும் உயர்த்துகிறோம். இறக்கிய அன்றே வரைபடத்தில் பகல் வெப்பம் தணிந்ததும் ஈரப்பதம் ஏறியதும் தெரிந்தன. வேறு எதையும் நாங்கள் மாற்றவில்லை.

ஈரப்பத உணரி காலப்போக்கில் பிறழும் என்பதைக் கையேடு ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. சோதிக்கச் சமையல் உப்பு போதும். மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் உப்பைப் போட்டு, முழுதும் கரையாமல் சேறு போல் நிற்கும் அளவுக்கு நீர் ஊற்றி, நீரில் படாதபடி உணரியை உள்ளே தொங்கவிட்டு, காற்றுப் புகாமல் அடைத்துச் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைபெறும். ஏழாவது மாதம் எங்கள் ரோஜாப் பகுதியின் உணரி அந்தக் குடுவைக்குள் 81 காட்டியது. பூஞ்சணத்துக்காகக் கந்தகம் ஆவியாக்கும் பகுதி அது என்பதால் அந்தப் பிறழ்வு எனக்கு வியப்பளிக்கவில்லை. திருத்த எண்ணை மெனுவிலேயே இட முடிகிறது என்பது இந்தக் கருவியின் நல்ல அம்சங்களில் ஒன்று.

ஒளி விஷயத்தில் கருவி எனக்குக் கற்றுத்தந்தது அதிகம். முன்பு லக்ஸ் மீட்டரை வைத்துக்கொண்டிருந்தேன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு ஏற்ற அளவு. பச்சையும் மஞ்சளும் அதில் மிகையாகவும், செடி விரும்பி எடுத்துக்கொள்ளும் சிவப்பும் நீலமும் குறைவாகவும் பதிவாகும். இந்தக் கருவியின் உணரி 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை, ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று எண்ணி, அன்றைய மொத்தத்தை மோலாகக் கூட்டிவைக்கிறது. மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். சராசரியாக 500 மைக்ரோமோல் ஒளி 10 மணி நேரம் கிடைத்தால் அன்றைய வரவு 18 மோல். ரோஜா 20 மோலுக்குக் குறைந்தால் தண்டு மெலிந்து, மொட்டு வைக்காத குருட்டுத் தளிர்களை விடத் தொடங்கும்; பெலனாப்சிஸ் ஆர்க்கிடோ அதில் மூன்றில் ஒரு பங்கிலேயே நிறைவாகப் பூக்கும். நிழல் திரையை எப்போது இழுப்பது என்ற கேள்விக்கு இந்தக் கூட்டுத்தொகைதான் விடை சொல்ல வேண்டுமே தவிர, கடிகாரம் அல்ல.

முன்பு முற்பகல் 11 மணிக்கு இழுத்து 3 மணிக்குத் திறப்போம். மேகமூட்டமான நாளிலும் அதே கதைதான், மறந்த நாளில் அதுவும் இல்லை. இப்போது ஒளி ஒரு வரம்பைத் தாண்டி நின்றால் மட்டும் திரை மூடுகிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த வரம்பு ரோஜாவுக்கு மிகவும் தாழ்வானது. முதல் மூன்று வாரங்களில் தினசரிக் கூட்டுத்தொகை 14 மோலைத் தாண்டவே இல்லை. வெயிலுக்குப் பயந்து செடியைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பது வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதோடு, துண்டு மேகங்கள் ஓடும் நாளில் திரை ஊஞ்சல் ஆடுவதுபோல் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அப்படியே விட்டால் மோட்டாரும் கம்பிகளும் சீக்கிரம் தேய்ந்துவிடும். திரை அசையுமுன் கருவி காத்திருக்கும் தாமத நேரத்தை 12 நிமிடமாகக் கூட்டிய பிறகு அந்தத் தொல்லை நின்றது. இந்த எண்களை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பொருத்த வருபவர் மின்சாரம் அறிந்தவர், ரோஜா அறிந்தவர் அல்லர்.

விற்பனைக் குறிப்பில் எங்கும் சொல்லப்படாத ஒரு பயனும் உண்டு. திரை திறந்திருக்கும் நேரத்தில் உள் உணரியின் ஒளி அளவை வெளி உணரியின் அளவால் வகுத்துப் பார்த்தால், கூரைப் படலம் எவ்வளவு அழுக்கடைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த விகிதம் மெல்ல மெல்ல இறங்கி 0.61-க்கு வந்திருந்தது, கூரையைக் கழுவிய மறுநாள் 0.69. கண்ணால் பார்த்துக் கழுவும் நாளைத் தீர்மானித்த காலத்தில் எத்தனை மாத ஒளியைத் தூசிக்குக் கொடுத்தோமோ தெரியாது. உள் உணரியின் வெள்ளை முகப்பையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு கூரையிலா உணரியிலா என்று தெரியாமல் போகும்.

இனிப் பொழுது சாயும் வேளை. செவ்வந்தி வளர்ப்பவர்களுக்கு இருட்டும் ஓர் இடுபொருள்தான். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-இல் வெளியிட்டார்கள். செடி உண்மையில் கணக்கு வைப்பது இடைமுறியாத இரவின் நீளத்தை என்பது பின்னர் தெளிவாயிற்று. இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். தண்டு நீள வேண்டிய தொடக்க வாரங்களில் செவ்வந்திக்கு நள்ளிரவில் ஒளி காட்டி இரவை முறிக்கிறோம். உயரம் வந்த பிறகு ஒளி புகாத கருந்திரையை இழுத்துப் பகலை 12 மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்குகிறோம். அதிலிருந்து ரகத்துக்கு ஏற்ப 7 முதல் 10 வாரங்களில் பூ வெட்டுக்கு வரும்.

கருந்திரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்கள் வேலை முடித்துப் போகும் நேரத்துக்கு வசதியாக மாலை 5 மணிக்கே அதை இழுத்தால், மிச்ச வெயில் திரையின் மேல் அடித்து, உள்ளே சூடும் ஈரமும் அடைபட்டுவிடும். அந்த நீண்ட இரவின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் நின்றால் மொட்டு உருவாவது தடைபட்டுப் பூப்பு நாள்கணக்கில் தள்ளிப்போகும், பாத்தி முழுதும் ஒரே சீராக வெட்டுக்கு வராது. இந்தக் கருவி சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டு, இழுப்பதை 7 மணிக்குத் தள்ளிவைத்து, வெளியே நன்றாக இருட்டிய பிறகு திரையைத் தானே திறந்து சூட்டை வெளியேற்றி, விடியுமுன் மீண்டும் மூடி, காலையில் கூடுதல் நேரம் மூடிவைத்து இருட்டுக் கணக்கைச் சரிசெய்கிறது. ஒரே இரவில் திரையை நான்கு முறை இயக்க ஆள் வைத்துச் செய்வது நடக்கிற காரியம் அல்ல. எங்கள் செவ்வந்தியில் வெட்டு நாட்கள் ஒன்றோடொன்று நெருங்கி வந்ததற்கு நான் கண்ட ஒரே காரணம் இதுதான்.

நள்ளிரவு ஒளிக்கும் நல்ல வசதி இருக்கிறது. தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் எரிப்பதற்குப் பதிலாக, அதே நேரத்துக்குள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 6 நிமிடம் மட்டும் எரிக்கும் சுழற்சி முறையைக் கருவி அறிந்திருக்கிறது. இரவை முறிக்கச் செடிக்குத் தேவையான ஒளி மிகச் சிறிது, இலைமட்டத்தில் 2 மைக்ரோமோல் போதும். அதுவும் 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளிதான் செவ்வந்திக்கு முக்கியம். மூன்று பகுதிகளுக்குமாக விளக்குகளைச் சுழற்றி எரித்தால் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரமும் குறைகிறது.

கருவி என்னைக் கவிழ்த்ததும் இதே இடத்தில்தான். ஒரு மின்தடைக்குப் பிறகு மையப் பெட்டி எந்தக் குறையும் இல்லாததுபோல் எழுந்து நின்றது. அதன் கடிகாரம் மட்டும் நள்ளிரவு 12 மணியிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கியிருந்தது. அப்போது உண்மையான நேரம் பிற்பகல் ஒன்றரை. வெப்பத்தையும் ஒளியையும் உணரிகளே பார்த்துக்கொள்வதால் பகலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. நள்ளிரவு விளக்கு மட்டும் நண்பகலை ஒட்டி எரிந்து அணைந்துகொண்டிருந்தது. வெயிலில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதை யார் கவனிப்பார்கள்? இயற்கையிலேயே இரவு நீண்ட பருவம் அது. ஒன்பது இரவுகள் கழித்து, மேலாடையைத் தேடி இரவில் உள்ளே போன ஒரு தொழிலாளி, "என்னங்க, ராத்திரி லைட்டே எரியலையே" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. விளக்கைச் சரிசெய்தும் பயன் இல்லை. முழங்கால் உயரத்திலேயே நுனிகளில் மொட்டு வந்துவிட்டது; அந்த மொட்டுக்கடியில் செவ்வந்திக்கே உரிய பிளவுபட்ட இலைகள் இல்லை, மாறாகப் பட்டை போல் நீண்டு ஒடுங்கிய இலைகள் நின்றன. இரவுக் கணக்கு பாதியில் குழம்பியதைச் செடி அப்படித்தான் எழுதிவைக்கும். அந்தப் பாத்திகள் கொய்மலராகப் போகவில்லை.

குற்றம், மின்தடையின்போது கடிகாரத்தை ஓடவைக்கும் ஒரு காசு அளவு மின்கலத்தினுடையது. அது தீர்ந்திருந்ததை அறிவிக்கும் எச்சரிக்கை எதுவும் மென்பொருளில் இல்லை. விற்றவர்களிடம் முறையிட்டபோது நான்கு நாள் கழித்து, மின்கலத்தை ஆண்டுதோறும் மாற்றும்படி ஒரு பதில் வந்தது. இப்போது விளக்கு வரிசையோடு ஒரு சிறு தனி மீட்டரை இணைத்து, இரவில் அது ஓடியதா என்று காலையில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். இந்தக் கருவியை வாங்குபவர்கள் முதல் நாளே பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, அரை மணி கழித்து இணைத்து, கடிகாரம் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

விடியற்காலை வேலைக்காக மட்டும் கேட்டால், கருவிக்கு முழு மதிப்பெண் தருவேன். ரோஜா இதழில் ஊசிமுனை அளவில் நீர் கோத்ததுபோல் புள்ளிகள் தோன்றி, பெட்டியில் அடைத்த பின் பழுப்பாகப் பரவும் சாம்பல் பூஞ்சணத்தை மலர் வளர்ப்பவர் எல்லோரும் அறிவார்கள். அது பிடிக்க இதழின் மேல் நீர் நிற்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த கொழுத்த மொட்டு, சூரியன் ஏறியதும் காற்றைப்போல் சட்டென்று சூடாவதில்லை. சூடாகி ஈரம் ஏறிய காற்று குளிர்ந்த மொட்டைத் தொட்டதும் அதன் மேல் பனி படிகிறது. ஆகவே வெயில் வருமுன்பே மொட்டைச் சூடாக்கிவிட வேண்டும். சூரிய உதயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மணிக்கு ஒரு டிகிரி வீதம் வெப்பத்தை ஏற்றவும், கூடவே மேல் திரையில் கைவிரல் இடைவெளி அளவு திறந்து ஈரக்காற்றை மேலே விடவும் கருவியில் தனி நிரல் உள்ளது. சாளரத்தைப் பேராசையுடன் திறந்துவிட்டால் குளிர்காற்று கொட்டி, நோக்கமே கெடும். அந்த அளவைக் கருவி நிதானமாகக் கையாள்கிறது.

இதற்கு அது பின்பற்றுவது வெறும் ஈரப்பத விழுக்காட்டை அல்ல, நீராவி அழுத்தப் பற்றாக்குறையை: அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவிக்கும் அதில் இருக்கும் நீராவிக்கும் உள்ள இடைவெளியை, அழுத்த அலகில். 25 டிகிரியில் 70 விழுக்காடு என்றால் பற்றாக்குறை 0.95 கிலோபாஸ்கல், இலை நன்றாக நீராவி விடும்; 18 டிகிரியில் 95 விழுக்காடு என்றால் 0.1 மட்டுமே, இலை மூச்சடைத்துக்கொள்ளும், கால்சியம் நுனிக்குப் போகாது. இந்த ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்கப் பழகிய பிறகு, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே துரத்துவதை விட்டுவிட்டோம்.

விடியலில் இன்னொரு வித்தையும் செய்யலாம். பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் தண்டின் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்பதை 1980களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின், ஹைன்ஸ் ஆகியோர் லில்லியில் காட்டினார்கள். இரவைவிடப் பகல் சூடாக இருந்தால் கணுவிடை (இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டு) நீளும், மாறாக இருந்தால் குறுகும். பகல் முழுதையும் குளிர்விக்க இயலாதவர்கள், உதயத்தை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் வெப்பத்தை இறக்கினாலும் பெரும்பகுதிப் பலன் கிடைக்கும். தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு இது வளர்ச்சி குறைக்கும் மருந்தை மிச்சப்படுத்தும். எங்களைப்போல் நீண்ட தண்டை விற்பவர்களுக்குத் தேவை இல்லை. மேலும், மேலே சொன்ன பனித்தடுப்புக்கு நேர் எதிரானது. இரண்டையும் ஒரே பகுதியில் இயக்கிவைத்தால் கருவி அவை முரண்படுவதாகச் சொல்லாது, இரண்டையும் அரைகுறையாகச் செய்யும்.

24 மணி நேரச் சராசரி வெப்பத்தை இலக்காக வைக்கும் வசதியையும் சொல்ல வேண்டும். பூ எத்தனை நாளில் வரும் என்பது பெரும்பாலும் அந்தச் சராசரியைப் பொறுத்தது. ஆகவே வெயிலில் இலவசமாகக் கிடைத்த சூட்டை வரவு வைத்து, இரவு ஹீட்டரைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம். ரோஜாவில் இதனால் எரிபொருள் கண்கூடாக மிச்சம். கார்னேஷனில் மட்டும் அனுமதித்த ஏற்ற இறக்கத்தை 2 டிகிரிக்குள் இறுக்கிக் கட்ட நேர்ந்தது. வெப்பம் ஊசலாடினால் அந்தப் பூவின் இதழ்களைத் தாங்கும் பச்சைப் புல்லிவட்டம் ஒரு பக்கம் வெடித்து இதழ் வெளியே சரியும், சரிந்த பூவுக்கு விலை கிடையாது.

குளிரூட்டலில் கருவி மந்தபுத்தி என்றே சொல்வேன். ஈரமான கூலிங் பேட் (நீர் நனைக்கும் தடுப்பு) வழியாக இழுக்கும் காற்று எவ்வளவு குளிரும் என்பது வெளிக்காற்றின் ஈரக்குமிழ் வெப்பத்தை, அதாவது நீர் ஆவியாவதால் மட்டும் அந்தக் காற்று எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பத்தைப் பொறுத்தது. வெளியே 36 டிகிரி, ஈரக்குமிழ் 22 என்றால், 80 விழுக்காடு திறனுள்ள பேட் காற்றை 25 டிகிரிக்கு அருகே கொண்டுவரும்; வெளியே 32, ஈரக்குமிழ் 28 என்றால் 29-க்கு அருகிலேயே நின்றுவிடும், கொண்டுவருவது ஈரம்தான். வெளி ஈரப்பத உணரி கம்பத்திலேயே இருந்தும், இந்தக் கணக்கைப் போட்டுப் பம்ப்பை நிறுத்தும் அறிவு மென்பொருளில் இல்லை. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் நாங்களே கையால் நிறுத்துகிறோம். கையால் இயக்கும் சுவிட்ச் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாக இருப்பது அப்போது உதவுகிறது.

தொகுப்போடு சேர்த்துத் தலையில் கட்டிய வளர்ப்பு எல்.இ.டி. விளக்குகளை மறுபடி வாங்க மாட்டேன். பழைய சோடியம் விளக்கைவிட மின்சாரத்துக்குக் கூடுதல் ஒளி தருவது உண்மை. ஆனால் சோடியம் விளக்கு இலையின் மேல் வீசிய சூடும் இதில் இல்லை, அதை ஹீட்டர் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஊதா வெளிச்சத்தில் இலையின் நிறமே தெரியாததால் சிலந்திப்பேன் பாதித்த ஒரு வரிசையை இரண்டு முறை கடந்து போயிருக்கிறோம். வெள்ளை கலந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

கைப்பேசிச் செயலியின் வரைபடங்கள் தெளிவானவை. அலாரங்கள் அளவுக்கு மீறியவை. முதல் மாதம் ஓர் இரவில் 23 அறிவிப்புகள் வந்தன. பலத்த காற்று, விசிறி நிற்றல், வெப்ப எல்லை மீறல் ஆகிய மூன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அணைத்தேன். இணையம் அறுந்தால் செயலி மௌனமாகிவிடுவதால், குடிலின் வாசலில் ஒலிக்கும் ஒரு சைரனையும் தனியாக இணைத்துள்ளோம்.

ஒரே பயிர், குளிராத இரவு, கருந்திரை தேவைப்படாத மலர் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். நல்ல தெர்மோஸ்டாட்டும் ஒளி உணரி இணைத்த திரை மோட்டாரும் போதும். செவ்வந்தியோ, சாம்பல் பூஞ்சணம் வாட்டும் ரோஜாவோ உள்ளவர்கள் வாங்கலாம். அடுத்து எழுப்பும் குடிலுக்கு நானும் இதையே கேட்டிருக்கிறேன்: விளக்குகள் இல்லாமல், அளவீட்டுப் பெட்டிக்குக் கூடுதலாகப் பத்து மீட்டர் வயரோடு, மின்தடைக்குப் பின் கடிகாரம் சரியான நேரத்தில் எழும் என்ற எழுத்துமூல உறுதியோடு. முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. வந்த பிறகே முன்பணம் அனுப்புவேன்.